கை நனையாத சமாதானம்

"அதான் சண்டை முடிஞ்சு சமாதானம் ஆயிருச்சே" என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், வண்டிக்காரன் மாரிச்சாமிக்குப் பொத்துக்கொண்டு வரும். யாருக்கும் யாருக்கும் சமாதானம்? செத்தவனுக்கும் சாக அனுப்பினவனுக்குமா? ஜெயிலுக்குப் போனவனுக்கும் பிடித்துக் கொடுத்தவனுக்குமா? இல்லை, மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ரெண்டு பேருக்கு மட்டுமா? இதைக் கேட்டுக் கேட்டு அவன் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நாள் போனால் ஆறும் என்றார்கள். புண்தான் ஆறும். இது ஆறவில்லை. ரங்கூனில் எத்தனையோ மழைக்காலம் வந்து போயும் அவன் நெஞ்சில் அந்த அடுப்பு அணையவில்லை.

அடுப்பை மூட்டியது அவன் சொந்தக் கதை இல்லை. ஏசுரத்தினம் என்ற குசினிக்காரரின் கதை.

ஏசுரத்தினம் கப்பல் குசினியில் பாத்திரம் தேய்க்க வந்து, ரங்கூன் துறைமுகத்தில் இறங்கி, அப்படியே தங்கிவிட்ட ஆள். குள்ளம். குரல் மட்டும் ரெண்டு ஆளுக்குச் சேர்த்து வைத்தது. குடியிருந்த லான்மடாவ் பேட்டைச் சந்தையில் அவர் நுழைந்தால் மீன்காரிகள் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராவார்கள். "இது மீனா, மீனோட பாட்டனா? செத்து எத்தனை திவசம் ஆச்சு?" என்பார். அவர்கள் பர்மியச் சொல்லில் திட்டுவார்கள். அவர் தமிழில் திட்டுவார். கடைசியில் நல்ல மீன் அவர் கூடையில்தான் இருக்கும். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போய், அங்கேயும் பாட்டுச் சரியில்லை என்று யாரையாவது முறைத்துவிட்டு வருவார்.

இங்கிலீஷ்காரனும் ஜெர்மன்காரனும் போட்ட பெரிய சண்டைக்கு முன்னால் அவர் வேலை பார்த்தது ஒரு ஜெர்மன் துரை வீட்டில். அரிசி வாங்கிக் கப்பலேற்றும் வியாபாரி. துரைக்கு ஏசுரத்தினத்தின் சூப்பு இல்லாவிட்டால் பொழுது போகாது. சண்டை மூண்ட அன்றைக்கே போலீஸ் வந்து துரையைக் கொண்டுபோனது. பகை நாட்டுக்காரர்களை அடைத்த அகமத்நகர் முகாமுக்கு அனுப்புகிற வரைக்கும் ரங்கூனிலேயே ஒரு கட்டடத்தில் காவல் வைத்தார்கள். துரைக்கு வயிறு சரியில்லை, காவல்சோறு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டதும் ஏசுரத்தினம் சும்மா இருப்பாரா? தினமும் ஒரு தூக்கில் சூப்பும் துணியில் சுற்றிய ரொட்டியும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

"அவன் உப்பைத் தின்னேன், அவனுக்கு வயித்துவலி. இதிலே ராஜாங்கம் எங்கே வந்துச்சு?" என்பார்.

ராஜாங்கம் வந்தது. அரிசி மில் வைத்திருந்த ஒரு இங்கிலீஷ் துரை, ஜெர்மன்காரனுக்கு வியாபாரத்தில் பழைய போட்டிக்காரன், ரொட்டிக்குள்ளே சேதி போகிறது என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தான். ரொட்டியை யாரும் பிய்த்துப் பார்க்கவில்லை. ஏசுரத்தினத்தைத்தான் பிய்த்தார்கள். ஜெயில். வெளியே வந்தபோது அவருக்குப் பேரே மாறிப்போயிருந்தது. 'ஜெர்மன்காரன்.' தெருவில் கூப்பிட்டார்கள், கோவிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். எந்த வெள்ளைக்கார வீட்டிலும் குசினிக்குள் விடவில்லை. சம்சாரம் தெரேசா வாசலில் சட்டியை வைத்து ஆப்பம் சுட்டு விற்றாள். அதையும் சிலர் வாங்க யோசித்தார்கள்.

அவர்களுக்கு ஒரே மகன், பர்னபாஸ். ஐராவதி ஆற்றில் ஓடின கப்பல்கள் பலவற்றை அப்போது துருக்கியோடு சண்டை நடந்த பாஸ்ராவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே ஆற்றில் பட்டாளத்துக்குச் சாமான் ஏற்ற. கரி அள்ளிப் போட ஆள் கேட்டார்கள். "நான் போறேன். ராஜா கப்பல்லே நான் கரி போட்டா அப்பனைத் துரோகின்னு எவன் சொல்லுவான்?" என்று கையெழுத்துப் போட்டான் பர்னபாஸ். போனான். அங்கே பேதி வந்து போய்ச் சேர்ந்தான். துரோகி என்ற சொல் மட்டும் போகவில்லை. அது லான்மடாவிலேயே சௌக்கியமாக இருந்தது.

இதெல்லாம் நடந்தபோது மாரிச்சாமிக்கு அவரைத் தெரியாது. சண்டை முடிந்து பல வருஷம் கழித்து, கான்சல் துரை வீட்டில்தான் பழக்கம்.

கான்சல் துரை சண்டையில் எந்தப் பக்கமும் சேராத ஒரு சின்ன நாட்டுக்காரர். வியாபாரமும் உண்டு, தன் நாட்டுக்காகப் பேசுகிற வேலையும் உண்டு. அவர் வீட்டில் துரைசாணிக்கு ஒரு குதிரை வண்டி. அதை ஓட்டினவன் மாரிச்சாமி. ஜெர்மன்காரர்கள் திரும்பி வரலாம் என்று உத்தரவு ஆனதும் அந்தப் பழைய ஜெர்மன் அரிசித் துரை ரங்கூனுக்கு வந்து இறங்கினார். அன்றையிலிருந்து கான்சல் துரைக்குத் தூக்கம் போயிற்று. அவரையும் இங்கிலீஷ்காரர்களையும் ஒரு மேசையில் உட்கார வைத்துவிட வேண்டும். சீமையில் பெரிய துரைமார் லொக்கார்னோ என்ற ஊரில் கூடி, இனி எல்லையைத் தாண்டமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்களாம். மேலே போட்ட கையெழுத்து கீழே துறைமுகம் வரைக்கும் இறங்க வேண்டாமா என்பார்.

அவர் செய்த வேலையை மாரிச்சாமி வண்டியில் உட்கார்ந்தே பார்த்தான். கெட்டிக்காரத்தனம், சும்மா சொல்லக்கூடாது. முதலில் ஆம்பிளைகளைத் தொடவே இல்லை. துரைசாணியை விட்டு ஜெர்மன் துரையின் சம்சாரத்துக்குப் பழக்கூடை அனுப்பினார். அப்புறம் மில் துரையின் சம்சாரத்தையும் இந்த அம்மாவையும் ஒரே நாளில் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். ரெண்டு பேரும் திரைத்துணி பற்றிப் பேசிச் சிரித்தார்கள். பிறகு ரெண்டு துரைக்கும் வேண்டிய ஒரு வியாபாரத்தை நடுவில் போட்டார். கப்பலில் பாதி அரிசி உனது, பாதி இவனது. காசு பேசினால் பகை கொஞ்சம் காது கொடுக்கும். கடைசியில் விருந்து. அதற்கு வட்ட மேசை செய்யச் சொன்னார், தலைமாடு கால்மாடு இருக்கக்கூடாது என்று. சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைக் கழற்றி உள்ளே வைத்தார்.

அதோடு, குசினிக்கு ஏசுரத்தினத்தைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்தார். ஜெர்மன் துரைக்குப் பிடித்த கை அது. சூப்பு ஒரு வாய் உள்ளே போனால் மனசு இளகும் என்று கணக்கு.

"பாத்தியாடா மாரி," என்றார் ஏசுரத்தினம், குசினி வாசலில் வெங்காயம் உரித்தபடி. "எந்தச் சூப்புக்காக என்னை உள்ளே போட்டானோ, அதே சூப்பை ஊத்திச் சமாதானம் பண்றானுங்க."

"நல்லதுதானேண்ணே. வேலை கிடைச்சுது."

"வேலை கிடக்கட்டும். சமாதானம்னா அதுக்கு ஒரு முறை இருக்கு இல்லே? போன வருஷம் அலோன் துறையிலே ரெண்டு கூலி மேஸ்திரிங்களோட ஆளுங்க அடிச்சுக்கிட்டாங்களே, எப்படி முடிஞ்சுது?"

எப்படி முடிந்தது என்று மாரிச்சாமிக்குத் தெரியும். மேஸ்திரிகள் ரெண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். ஆனால் பஞ்சாயத்து அதை ஒத்துக்கொள்ளவில்லை. மண்டை உடைந்த சின்னத்தம்பியை, உடைத்தவன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், நாலு பேர் முன்னால் "நான் செஞ்சது தப்பு" என்று சொல்லி, தன் கையால் சோறு போட்டு, சின்னத்தம்பி அதில் கை நனைத்த பிறகுதான் சரி என்றார்கள். அதுவரைக்கும் மேஸ்திரிகள் ஒரே குடத்தில் தண்ணி குடித்தாலும் செல்லாது. இந்துவோ வேதக்காரரோ, துறைமுகத்துத் தமிழனுக்கு அதுதான் சட்டம். இன்னொன்றும் உண்டு. பகை தீர்க்கிற பந்தியில் அடிபட்டவன் எழுந்து கேட்டால் யாரும் மறுக்கக்கூடாது.

"நானும் கேக்கப் போறேன்," என்றார் ஏசுரத்தினம்.

மாரிச்சாமி சிரித்துவிட்டான். "அண்ணே, அது நம்ம ஆளுங்க பந்தி. இவனுங்க தொரைங்க."

"பகை தீர்க்கிற சோறு எல்லாம் ஒரே சோறுதான்டா. அவன் ஒரு வார்த்தை சொல்லணும். இவன் துரோகி இல்லை, நான் சொன்னது பொய். அவ்வளவுதான். அதுக்குத்தான் என் பிள்ளை கரி அள்ளப் போனான். அந்த வார்த்தை வரலைன்னா அவன் எதுக்குச் செத்தான்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று மாரிச்சாமி பாதி நினைத்தான். இல்லை என்று பாதி தெரிந்தது.

விருந்தன்று தட்டு தூக்குகிற உதுமானுக்குக் காய்ச்சல். குதிரைக்காரன் மாரிச்சாமியைப் பிடித்து, உதுமானின் வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார்கள். உதுமான் ஒல்லி. கோட்டுப் பித்தான் ஒன்று தெறித்துக் கிழங்குப் பாத்திரத்தில் விழுந்தது.

"குதிரைக்குக் கொள்ளு வைக்கிற மாதிரி தட்டை வெச்சிராதேடா. இடது பக்கமா நின்னு நீட்டு," என்றார் ஏசுரத்தினம். அதற்கு மேல் அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை. அதுதான் மாரிச்சாமிக்குப் பயமாக இருந்தது.

சூப்பு போயிற்று. ஜெர்மன் துரை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். மீன் போயிற்று. ஆட்டுக்கறி போயிற்று. மில் துரை முகம் சிவந்து கதை சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கான்சல் துரை எழுந்து, கோப்பையைத் தூக்கி என்னவோ சொன்னார். மில் துரை கை நீட்டினான். ஜெர்மன் துரை அந்தக் கையைப் பிடித்தார். அம்மாமார் ரெண்டு பேரும் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றினார்கள்.

அப்போது குசினிக் கதவு திறந்தது.

சமையல்காரன் சாப்பாட்டு அறைக்குள் கால் வைக்கக்கூடாது. ஏசுரத்தினம் வைத்தார். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த எனாமல் தட்டு. நேரே மில் துரை நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். எல்லோருக்கும் விளங்கட்டும் என்று இந்துஸ்தானியில் பேசினார்.

"துரை, நீங்களும் என் பழைய துரையும் சேர்ந்துட்டீங்க. சந்தோஷம். நானும் அடிபட்டவன். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு, உங்க கையாலே இதிலே கொஞ்சம் போடுங்க. நான் கை நனைச்சுட்டுப் போறேன்."

மில் துரை அவரை மேலும் கீழும் பார்த்தான். "யார் இவன்?"

மாரிச்சாமி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு அவனையே பார்த்தான். மறந்திருக்கிறான்! ஒரு குடும்பத்தையே நசுக்கிவிட்டு ஆளை மறந்திருக்கிறான்.

ஏசுரத்தினம் பொறுமையாகச் சொன்னார். சூப்பு, ரொட்டி, ஜெயில், பாஸ்ரா. மில் துரைக்கு ஞாபகம் வந்ததோ வரவில்லையோ, சிரித்தான். "சண்டைக் காலம், அப்பா. என்னென்னவோ நடந்தது." பெரிய துண்டாக ஒரு கறியைக் குத்தி எடுத்துத் தட்டில் போட்டான். "சாப்பிடு, சாப்பிடு. நல்லாத்தான் சமைச்சிருக்கே." மேசையில் ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பசித்த குசினிக்காரன் குடித்துவிட்டு வந்து கறி கேட்கிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

"கறி அப்புறம் துரை. வார்த்தை முதல்லே."

கான்சல் துரை எழுந்துவிட்டார். "ரத்தினம், உள்ளே போ."

ஏசுரத்தினம் அவரைப் பார்க்கவே இல்லை. ஜெர்மன் துரை பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க. நீங்கதானே தின்னீங்க. ரொட்டிக்குள்ளே என்ன இருந்துச்சு?"

அந்த மனுஷன் கோப்பையைப் பார்த்தார். சம்சாரத்தைப் பார்த்தார். இப்போதுதான் பிடித்து விட்ட அந்தக் கையைப் பார்த்தார். 'ரொட்டிதான் இருந்தது.' இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"பழசைக் கிளற வேண்டாம், ரத்தினம்," என்றார்.

ஏசுரத்தினம் கறியோடு தட்டை மில் துரையின் முன்னால் வைத்தார், மெதுவாக, சத்தமே வராமல். "எச்சில் இல்லை துரை. நான் தொடலை. நீங்களே வெச்சுக்குங்க." வந்த வழியே போய்விட்டார்.

விருந்தாளிகள் போனதும் கான்சல் துரை தானே குசினிக்கு வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். "உடைந்த சட்டியை இப்போதுதான் ஒட்டியிருக்கிறேன். ஈரம் காயவில்லை. நீ கேட்டது நியாயமாகவே இருக்கலாம். ஒரு நியாயத்தை இழுத்தால் இன்னும் நூறு நியாயம் வரும். மறுபடியும் சண்டை வரும். உன்னை மாதிரி பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் லட்சம் பேர் வருவார்கள். அது வேண்டுமா உனக்கு?"

"வேண்டாம் துரை. சட்டியை ஒட்டுங்க. அது உடைஞ்சப்போ கையை அறுத்துக்கிட்டவன் நான். எனக்கு ஒரு கட்டுப் போட்டுட்டு ஒட்டுங்கன்னுதான் கேட்டேன்."

"நாளையிலிருந்து வர வேண்டாம்," என்றார் கான்சல் துரை. சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

விஷயம் கேட்டுத் தெரேசா ஆடித் தீர்த்துவிட்டாள். "அவனுங்க முன்னாலே தட்டை ஏந்தினியா? என் பிள்ளை போனதுக்கு ஒரு தட்டுக் கறியா?"

"கறி இல்லடி, வார்த்தை!"

"வார்த்தை வந்தா பர்னபாஸ் வருவானா?"

"வரமாட்டான். உன் ஆப்பத்தைத் தள்ளி வெச்சிட்டுப் போறானுங்களே, அவனுங்க வருவானுங்க. வந்து உன் முகத்தைப் பார்ப்பானுங்க."

அவள் மாவுக் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாரிச்சாமி வாசலிலேயே நின்றான். உள்ளே போனால் ரெண்டு பேரும் சேர்ந்து அவனை அடிப்பார்கள் போல இருந்தது.

கொஞ்ச நாளில் அந்தச் சந்துக்குள் ஒரு மோட்டார் வந்து நின்றது. ஜெர்மன் துரை. குனிந்து உள்ளே வந்தார். தன் வீட்டுக்கே சமைக்க வரச் சொன்னார், முன்னைவிட நல்ல சம்பளம் என்றார். ஏசுரத்தினம் கட்டிலை விட்டு எழவில்லை.

"ஒரு காரியம் பண்ணுங்க துரை. உங்க கூட்டாளிங்க கூடுற க்ளப்புக்குப் போய், இவன் சூப்புதான் கொண்டுவந்தான்னு சொல்லுங்க. மறுநாளே சம்பளம் இல்லாம வந்து அடுப்பு மூட்டறேன்."

"சொன்னால் நான் இன்னும் அவர்களோடு கணக்குத் தீர்க்கிறேன் என்று நினைப்பார்கள். எனக்கு இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது."

"கதவு திறந்துச்சு. சரி. அதைத் திறக்க ஊத்தின சூப்பு எவன் வெச்சது?"

வெயிலில் வந்தவர் என்று தெரேசா பழக்கத்தில் ஒரு லோட்டாத் தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். துரை கை நீட்டினார்.

"குடுக்காதே," என்றார் ஏசுரத்தினம்.

பகையாளியாக இருந்தாலும் வாசலுக்கு வந்தவனுக்குத் தண்ணி மறுக்கிற வழக்கம் தமிழனுக்கு இல்லை. தெரேசா ஒரு நிமிஷம் யோசித்தாள். லோட்டாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றையிலிருந்து அவள் புருஷனோடு சண்டை போடவில்லை.

கான்சல் துரையும் மோட்டார் வாங்கினார், குதிரையை விற்றார். மாரிச்சாமி வாடகைக் குதிரை வண்டி ஓட்டப் போனான். மில் துரையும் ஜெர்மன் துரையும் கூட்டு வியாபாரம் ஆனார்கள். இருவர் பேரும் ஒரே பலகையில் எழுதித் துறைமுகத்தில் மாட்டியிருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் மாரிச்சாமி குதிரையை ஒரு தட்டுத் தட்டி வேகமாக ஓட்டினான். ஏசுரத்தினம் ஆப்பச் சட்டி பக்கத்தில் உட்கார்ந்து மீன் குழம்பு வைத்து விற்றார். வாங்க வந்தவர்களைத் திட்டியே விற்றார். அப்படியும் வந்தார்கள், குழம்பு அப்படி.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. நெஞ்சு கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் வரிசையாகக் கட்டில். அவரைக் கடைசிக் கட்டிலில் போட்டிருந்தார்கள். தெரேசா கஞ்சி வாங்கப் போயிருந்தாள். மாரிச்சாமி சாட்டையோடு அப்படியே வந்து உட்கார்ந்தான்.

"என்ன கஞ்சிடா குடுக்கிறான் இங்கே? கழனித்தண்ணி," என்றார் ஏசுரத்தினம். குரலில் பழைய சத்தம் பாதிகூட இல்லை.

"சும்மா இருங்கண்ணே. மூச்சு வாங்குது."

"நீ சும்மா இரு. கேளு. நான் போனா அந்தக் கான்சல் துரை சும்மா இருக்கமாட்டான். அவனுக்கு எல்லாத்தையும் அழகா முடிச்சு வைக்கிற வியாதி. அந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வருவான். கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, பூவளையம் எடுத்துக்கிட்டு. குழியிலே ஒரு பிடி மண்ணைப் போட்டா எல்லாம் தீர்ந்துச்சுன்னு கையைத் தட்டிக்கிட்டுப் போயிருவானுங்க."

மாரிச்சாமி அவர் கையைப் பிடித்தான். அவர் உதறினார்.

"அழாதேடா எருமை. கேளு. நீ வாசல்லே நில்லு. சாட்டை கையிலே இருக்கட்டும், ஆனா அடிக்காதே, தெரேசாவுக்கு வம்பு வரும். அந்த மில்லுக்காரன் வந்தா கேளு, இவன் துரோகியா, இல்லையான்னு. இல்லைன்னு வாயைத் திறந்து, தெரேசா காதுலே விழற மாதிரிச் சத்தமாச் சொன்னா வழி விடு. எவ்வளவு மண்ணு வேணும்னாலும் போட்டுக்கட்டும். மென்னு முழுங்கினான்னா, ஒரு பொட்டு மண்ணும் அவன் கையாலே என் மேலே விழக்கூடாது. செய்வியா?"

மாரிச்சாமி சாட்டையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, "செய்றேண்ணே," என்றான்.